துணி கிளிப்பில் மாட்டிய வேற்றுமை

கேள்வி: பெங்களூரு இந்திராநகர் பக்கம் வசிக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. ஒன்றரை ஆண்டாக இருவருக்கும் வீட்டிலேயே பாடம். கணக்கு, ஆங்கிலம் எல்லாம் ஓடுகின்றன. தமிழ் இலக்கணத்தை எடுத்தால் மட்டும் மகளுக்குத் தலைவலி, மகனுக்குத் தாகம். வேற்றுமை எட்டையும் ஒப்பிக்கிறாள். கதையில் காட்டச் சொன்னால் விழிக்கிறாள். எழுதும்போதும் 'படிச்சேன்' என்றே எழுதுகிறாள். அட்டை விளையாட்டு ஒன்று செய்து பார்த்தேன். விளையாட்டு நினைவிருக்கிறது, இலக்கணம் இல்லை. பத்தாம் வகுப்பைத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுத வைக்க எண்ணம். உட்கார வைக்காமல், ஓடியாடி இலக்கணம் நடத்த முடியுமா? எங்கே தொடங்குவது?
(ஒரு வாசகி, பெங்களூரு)

அன்புள்ள சகோதரிக்கு,

வேற்றுமையை ஒப்பிக்கிற உங்கள் மகள், காலையில் "அம்மா, தம்பிக்குக் குடுத்த டம்ளர்ல எனக்கும் குடு" என்று கேட்டிருப்பாள். அந்த ஒரு வாக்கியத்தில் நான்காம் வேற்றுமை இரண்டு முறை, ஏழாம் வேற்றுமை ஒரு முறை, விளி ஒரு முறை வந்துவிட்டன. ஆக, அவளுக்கு இலக்கணம் தெரியும். தனக்குத் தெரிந்ததற்கு இதுதான் பெயர் என்பதுதான் தெரியாது. புத்தகம் பெயரில் தொடங்கி எடுத்துக்காட்டில் முடிகிறது. நீங்கள் தலைகீழாக நடத்துங்கள். முதலில் கையும் காலும், பிறகு காது, பிறகு பத்து எடுத்துக்காட்டு, பெயர் கடைசியில்.

ஆனால் எல்லாப் பாடமும் இப்படி நடக்காது. விளையாட்டு இலக்கணம் பல வீடுகளில் கவிழ்வது இங்கேதான். பாடங்களை இரண்டு கூடையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கூடை, காதுக்கு ஏற்கெனவே தெரிந்தவை: மாத்திரை (எழுத்தை ஒலிக்க ஆகும் நேர அளவு), வேற்றுமை, காலம், சுட்டு, வினா. இரண்டாவது, கண் பழகினால்தான் வருபவை: வல்லினம் மிகும் இடங்கள், பலவின்பால் வினைமுற்று ('வந்தன' போல), ல-ள-ழ, ர-ற, ந-ன-ண. முதல் கூடையில் குழந்தை தானே விதியைக் கண்டுபிடிக்கும், விளையாட்டே பாடம். இரண்டாவதில் பேச்சு உதவிக்கு வராது. அச்சிட்ட பக்கத்தைத்தான் தேட வேண்டும். இரண்டாவது கூடைப் பாடத்தை முதல் கூடை மாதிரி "கேட்டுக் கண்டுபிடி" என்று நடத்தினால் குழந்தை ஊகிக்கும், பாதி தவறும், வெறுத்துப்போகும்.

மாத்திரையிலிருந்து தொடங்குங்கள். மாத்திரைக்கு நம் இலக்கண நூல்கள் சொன்ன அளவுகோலே உடம்பில்தான் இருக்கிறது: இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். (அந்த நூல்களில் ஒன்றான நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் மரபினன். கங்கர்களின் பழைய தலைநகரான கோலார் உங்கள் ஊரிலிருந்து 70 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. இலக்கணம் எங்கோ தூரத்துச் சங்கதி என்று நினைக்கும் மகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.)

ஹாலில் தரையில் மூன்று மீட்டருக்கு மாஸ்க்கிங் டேப்பை நேராக ஒட்டி, 15 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு கோடு அரை மாத்திரை. குறிலுக்கு இரண்டு கோடு, நெடிலுக்கு நான்கு, மெய்யெழுத்துக்கு ஒன்று. குழந்தை சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே காலை வைத்துப் போக வேண்டும். 'கல்' மூன்றாவது கோட்டில் நிற்கும், ஒன்றரை மாத்திரை. 'கால்' ஐந்தாவது கோட்டில், இரண்டரை. 'படம்', 'பாடம்' கொடுக்கலாம், 'வடை' வேண்டாம், ஏனென்று பிறகு சொல்கிறேன். பின்பு வீட்டு ஆட்களை ஓட விடுங்கள். 'அம்மா' 3½, 'பாட்டி' 3½, 'தாத்தா' 4½. தாத்தாதான் ஜெயிப்பார். மகனுக்கு இந்தப் பந்தயம் ஒரு வாரத்துக்குத் தாங்கும். ஊர்ப்பெயரையும் நடக்கச் சொல்லுங்கள்: 'பெங்களூர்' 5, 'பெங்களூரு' 5½. 2014 நவம்பர் 1 அன்று ஊரின் ஆங்கிலப் பெயர் மாறியபின் தமிழிலும் 'ரு' சேர்ப்பது பெருகிவிட்டது. அந்த வகையில் ஊருக்கு அரை மாத்திரை லாபம்.

இங்கே இரண்டு குழிகள். முதல் மூன்று வாரம் கு, சு, டு, து, பு, று என்று முடியும் சொற்களைக் கொடுக்காதீர்கள். 'நாடு', 'பந்து' போன்றவற்றின் கடைசி உகரம் குறைந்து அரை மாத்திரையாக ஒலிக்கும் குற்றியலுகரம். 'மடு', 'பசு' மாதிரி தனிக்குறிலை அடுத்து வந்தால் மட்டும் முழு ஒரு மாத்திரை. குழந்தை 'நாடு' என்பதை மூன்று என்று எண்ணி, விடை இரண்டரை என்றால் குழம்பும். இரண்டாவது, ஐகாரம். அது தனியாக நெடில், ஆனால் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் ஒரு மாத்திரையாகக் குறுகும். வடை, மலை, மாலை எல்லாம் அதனால்தான் இப்போது வேண்டாம். குறில் நெடிலுக்கு மலை-மாலை என்ற ஜோடியைத்தான் எல்லோரும் எடுப்போம். முதல் எழுத்தை ஒப்பிடுவதற்கு அது சரி, மாத்திரை எண்ணுவதற்கு ஆகாது.

அடுக்குமாடியில் இருந்தால் குதிக்க விடாதீர்கள், நடைதான். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்தால் அன்றைய பாடம் போயிற்று.

அடுத்தது வேற்றுமை. எட்டு துணி கிளிப், பழைய அட்டைப்பெட்டியிலிருந்து 15-க்கு 5 சென்டிமீட்டரில் வெட்டிய 24 பட்டைகள், ஒரு மார்க்கர், கிளிப்பின் மேல் ஒட்டி எழுதக் கொஞ்சம் வெள்ளை பிளாஸ்டர். கிளிப்புகளில் ஐ, ஆல், ஓடு, கு, இருந்து, உடைய, இல், மேல் என்று எழுதுங்கள். ஏழாம் வேற்றுமையின் பழைய உருபான 'கண்' இப்போது வேண்டாம், அவள் காதில் அது கண்ணாகத்தான் விழும்.

பட்டைகளில் ஒவ்வொரு வகைக்கும் நான்கு சொல்: கிளி, புலி, இலை, தம்பி, பூ, பசு, அம்மா, நிலா, மரம், பணம், குடம், படம், வீடு, ஆடு, சோறு, கிணறு, கல், முள், பல், மண், கால், வாள், தேன், மீன். கலந்து மேசையில் குவித்துவிட்டு 'ஐ' கிளிப்பை மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் மாட்டி, வாய்விட்டுச் சொல்லி, ஒரே மாதிரி மாறுபவற்றை ஒரே குவியலில் போட வேண்டும். எத்தனை குவியல் வரும் என்று சொல்லிவிடாதீர்கள். கிளியை, புலியை, பூவை, பசுவை, மரத்தை, பணத்தை, வீட்டை, சோற்றை, கல்லை, முள்ளை, காலை, தேனை. ஆறு குவியல் விழும். உடம்படுமெய், சாரியை, இரட்டித்தல் என்ற சொல் எதுவும் உங்கள் வாயிலிருந்து வரவில்லை, ஆனால் பாடத்தில் பாதி மேசைமேல் கிடக்கிறது.

இனி கேள்வி கேட்கலாம். "கல் கல்லை ஆச்சு, கால் ஏன் கால்லை ஆகலை?" டேப்பில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கல், முள், பல், மண் நான்கும் ஒன்றரை. கால், வாள், தேன், மீன் நான்கும் இரண்டரை. தனிக்குறிலுக்கு அடுத்து வரும் மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதியை அவள் தன் காலாலேயே அளந்துவிடுவாள். 'குரல்', 'மகள்' கொடுத்துச் சோதியுங்கள்: குரலை, மகளை, மெய்க்கு முன் குறில்தான், ஆனால் தனிக்குறில் இல்லை. மகள் இதில் வாதாடினால் பாடம் நன்றாகப் போகிறது என்று பொருள்.

வீடு, சோறு குவியலில் இன்னொரு சண்டை வரும். 'பந்து' ஏன் பந்தைதான்? 'வண்டு'? 'பட்டு'? டகரமும் றகரமும் உயிருக்குப் பின் ஒற்றையாக வந்து உகரத்தில் முடியும் சொற்களில்தான் இந்த இரட்டிப்பு. வண்டு, கன்று ஆகியவற்றில் முன்னே மெல்லினம் நிற்கிறது. பட்டு ஏற்கெனவே இரட்டித்ததுதான்.

மரம் குவியலுக்கு ஒரு கைவேலை: பட்டையின் கடைசியில் 'ம்' மட்டும் மடிகிற மாதிரி எழுதி, மடிப்பின் பின்புறம் 'த்து' என்று எழுதுங்கள். கிளிப் மாட்டுமுன் மடிக்க வேண்டும். ஏழு வயதுக்காரருக்கு மடிப்பதில்தான் மகிழ்ச்சி. 'ம்' போய் 'த்து' வருவதை விரல் கற்றுக்கொள்கிறது.

மகன் 'ஆறுல', 'மரம்ல' என்று சொல்கிறானா என்று காது கொடுத்துக் கேளுங்கள். சொன்னால் அது இலக்கணக் குறை அல்ல, தமிழ் காதில் விழுவது போதவில்லை என்பதுதான். தெருவில் கன்னடம், திரையில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளிடம் இது உண்டு. அப்போது கிளிப்பை மூட்டை கட்டிவிட்டு ஒரு மாதம் இரவுக் கதை மட்டும் சொல்லுங்கள். காதில் இல்லாததைக் கையால் வரவழைக்க முடியாது.

கிளிப் பழகியபின் பொருளுக்கு வாருங்கள், ஏனென்றால் வேற்றுமை என்பது உருபு மட்டுமல்ல. ஒரு எவர்சில்வர் டம்ளரை மேசையில் வையுங்கள். துண்டுச் சீட்டுகளில் கட்டளைகள்: டம்ளரைத் தூக்கு. டம்ளரால் மேசையைத் தட்டு. டம்ளருக்கு ஒரு தொப்பி போடு. டம்ளரிலிருந்து தண்ணீரை ஊற்று. டம்ளருடைய விளிம்பைத் தொடு. டம்ளரில் ஒரு பட்டாணி போடு. டம்ளரோடு நடனமாடு. சீட்டை எடுத்தவர் வாயே திறக்காமல் செய்ய வேண்டும். மற்றவர் உருபைச் சொல்ல வேண்டும். ஒரே பொருள், ஏழு செயல், மாறியது உருபு மட்டும். பத்து நிமிடம் போதும். அதற்குமேல் போனால் தண்ணீர் தரையில் இருக்கும்.

'இன்' உருபை இந்த ஆட்டத்தில் சேர்க்கவில்லை, கவனித்திருப்பீர்கள். புத்தகம் அதை ஐந்தாம் வேற்றுமை என்னும். நாமோ 'டம்ளரின் விளிம்பு' என்று ஆறாம் வேற்றுமைப் பொருளில் தினமும் சொல்கிறோம். அதைப் பன்னிரண்டு வயதுக்கு ஒத்திப்போடுங்கள். முதலாம் வேற்றுமைக்கு உருபே இல்லை, கிளிப் இல்லாத பட்டைதான் அது. விளி என்பது கூப்பிடுவதுதான், அதற்குப் பால்கனி இருக்கிறது.

"விளையாட்டு நினைவிருக்கிறது, இலக்கணம் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் விட்டது கடைசி மூன்று நிமிடம் என்று நினைக்கிறேன். ஆட்டம் முடிந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு கதைப் புத்தகத்தின் ஒரே ஒரு பத்தியை எடுத்து, அன்று தொட்ட ஓர் உருபை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட வைக்க வேண்டும். ஒன்று போதும், இரண்டு வேண்டாம். அட்டை மேசையிலேயே நின்றுவிட்டால் குழந்தைக்கு 'ஐ' என்பது நீல கிளிப். கதைக்குள் இருக்கும் 'ஐ' வேறு யாரோ. அந்தப் பாலத்தை நாம்தான் போட வேண்டும். ஒரு நாள் நேரம் இல்லையென்றால் ஆட்டத்தைக் குறையுங்கள், பத்தியை விடாதீர்கள்.

பத்தாவது எடுத்துக்காட்டுக்குப் பிறகு பெயர். "இதுக்கு நீ என்ன பேர் வைப்பே?" என்று முதலில் கேளுங்கள். 'கு'வுக்குக் 'கொடுக்கிற கிளிப்' என்பாள். நல்லது. "நம்ம ஆளுங்க கொடைப் பொருள்னு வச்சிருக்காங்க, நான்காம் வேற்றுமைன்னு எண் கொடுத்திருக்காங்க" என்று சொல்லி நோட்டில் இரண்டையும் எழுத வையுங்கள், அவள் வைத்த பெயரையும் சேர்த்து.

உங்கள் ஊரில் சென்னைப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு: கன்னடம். அதை இலக்கணப் பாடத்துக்குத் துணைக்கு அழையுங்கள். மனெகெ, மனெயல்லி, மனெயிந்த: வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து. அங்கும் உருபு சொல்லின் வாலில்தான் ஒட்டுகிறது. 'மர' என்பது 'மரதல்லி' ஆகும்போது நடுவில் ஒரு தகரம் நுழைவதைக் காட்டினால், மடிப்பு அட்டை மகள் நினைவுக்கு வரும். மெட்ரோவில் "முந்தின நில்தாண" என்று அறிவிக்கும்போது அவளைக் கேளுங்கள், போன நிலையமா வரப்போகும் நிலையமா என்று. தமிழில் 'முந்தின' என்றால் கடந்து போனது, கன்னடத்தில் அடுத்து வருவது. அல்சூரிலிருந்து டிரினிட்டி வரும்வரை பேச விஷயம் ஆயிற்று.

இனி 'படிச்சேன்' விவகாரம். தயவுசெய்து அதைத் தப்பு என்று சொல்லாதீர்கள். பேச்சில் அது சரி, எழுத்தில் வேறு உடை. தப்பென்று சொல்லி வளர்த்தால் பிள்ளை வாயைத் திறப்பதையே குறைத்துக்கொள்ளும். இரண்டு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று வீட்டுத் தமிழ், ஒன்று ஏட்டுத் தமிழ். ஒருவர் வீட்டுத் தொப்பியோடு "நேத்து மழையில நனைஞ்சேன்" என்றால், ஏட்டுத் தொப்பிக்காரர் செய்தி வாசிப்பவர் குரலில் "நேற்று மழையில் நனைந்தேன்" என்று சொல்ல வேண்டும். குரல் மாற்றம்தான் இதில் ருசி, அதைக் கட்டுப்படுத்தாதீர்கள்.

ஒரு வாரம் ஆனபின் சேர்ந்ததைப் பட்டியல் போடுங்கள். படிச்சேன்-படித்தேன், சமைச்சாங்க-சமைத்தார்கள், நனைஞ்சேன்-நனைந்தேன், மேய்ஞ்சது-மேய்ந்தது. மறுபக்கம் நடந்தேன், பறந்தது, எடுத்தேன், கொடுத்தாங்க. இவை பேச்சிலும் தகரமாகவே நிற்கின்றன, யாரும் 'நடஞ்சேன்' என்பதில்லை. ஏன்? வினையின் வேரைத் தனியே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்: படி, சமை, நனை, மேய் ஒரு பக்கம்; நட, பற, எடு, கொடு மறுபக்கம். இ, ஐ, ய் என முடியும் வேர்களுக்குப் பின்தான் தகரம் சகரமாகிறது. வீட்டுத் தமிழுக்கும் கட்டுக்கோப்பான இலக்கணம் உண்டு என்பதைப் பத்து வயதில் பார்த்துவிட்ட பெண், எழுதும்போது எங்கே உடை மாற்ற வேண்டும் என்று தானே பார்த்துக்கொள்வாள்.

காலத்துக்கு மூன்று நாற்காலி போதும்: நேற்று, இன்று, நாளை. நீங்கள் "ஓடு" என்றால் மகன் உட்கார்ந்த நாற்காலிக்கு ஏற்ப ஓடினேன், ஓடுகிறேன், ஓடுவேன் என்று சொல்லியாக வேண்டும். இதை நீட்ட வேண்டாம், அவனுக்கு ஏற்கெனவே தெரியும். மகளுக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் துண்டுகள்.

அதற்குத் தீப்பெட்டி ரயில். ஐந்து காலித் தீப்பெட்டி, நடுவில் நூல். முதல் பெட்டியில் பகுதி, நடுவில் காலம் காட்டும் இடைநிலை, கடைசியில் யார் என்று காட்டும் விகுதி. செய் + த் + ஆன், உண் + ட் + ஆன், தின் + ற் + ஆன், ஓடு + இன் + ஆன். மூன்று பெட்டி ரயில்கள் இவை. நடுப்பெட்டியை மட்டும் மாற்றினால் காலம் மாறும், கடைசிப் பெட்டியை மாற்றினால் ஆள் மாறும். த், ட், ற், இன் என்ற நான்கும் இறந்தகாலம் என்று மனப்பாடம் செய்யும் முன்னரே கையில் இருக்கும். அடுத்த வாரம் நான்கு பெட்டி: படி + த் + த் + ஆன். இரண்டு தகரத்தில் முதலாவது சந்தி, இரண்டாவது இடைநிலை. இங்கே மகள் "எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்பாள். எதிர்காலத்தைப் போட்டுப் பார்க்கட்டும்: படி + ப் + ப் + ஆன். காலம் மாறும்போது இடைநிலை மாறுகிறது, அதன் இனத்துக்கேற்பச் சந்தியும் கூடவே மாறுகிறது.

'வந்தான்' வைத்துத் தொடங்காதீர்கள். எளிய சொல் போலத் தோன்றும். பிரித்தால் வா என்பது வ ஆகக் குறுகுகிறது, சந்தியான த் ந் ஆகத் திரிகிறது, இரண்டு விகாரம். முதல் ரயிலே தடம் புரண்டால் இரண்டாவதில் யார் ஏறுவார்கள்?

இப்போது இரண்டாவது கூடை. ஒற்று மிகுதலை நடிப்பில் தொடங்குங்கள். இந்த வாக்கியங்களைச் சீட்டில் எழுதுங்கள்: வேலை தேடினான் / வேலைத் தேடினான். கத்தி கொண்டு வந்தான் / கத்திக்கொண்டு வந்தான். தந்த பலகை / தந்தப் பலகை. ஒருவர் சீட்டைப் பார்த்து நடிக்க, மற்றவர் எந்தச் சீட்டு என்று சொல்ல வேண்டும். முதலாமவன் விண்ணப்பத்தோடு அலைகிறான், இரண்டாமவன் முருகன் கையில் இருக்கும் வேலைக் காணாமல் தேடுகிறான். ஒருவன் கத்தியோடு வருகிறான், மற்றவன் கூச்சலோடு. ஒருவர் கொடுத்த பலகை, யானைத் தந்தத்தில் செய்த பலகை. ஓர் ஒற்று என்ன வேலை செய்கிறது என்று ஒரே மாலையில் விளங்கிவிடும். விளங்கியதும் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் விதியை நடிப்பால் கற்க முடியாது.

விதிக்கு 'ஒற்று வேட்டை'. சிறுவர் இதழ் அல்லது பாடநூலின் ஒரு பக்கம், ஒரு சிவப்புப் பென்சில், ஐந்து நிமிட மணல்கடிகாரம் அல்லது கைபேசி மணி. முதல் வாரம் 'ஐ'க்குப் பின் வரும் க, ச, த, ப மட்டும். இரண்டாம் வாரம் 'கு'வுக்குப் பின். மூன்றாவது அந்த, இந்த, எந்த. நான்காவது அப்படி, இப்படி, எப்படி. ஐந்தாவது வாரம் மிகாத இடங்கள்: அது, இது, எது, ஆல், ஓடு, வந்த, படித்த, தந்த போன்ற எச்சங்கள். மிகுமிடத்தையும் மிகா இடத்தையும் ஒரே நாளில் கற்றுத் தருவதுதான் இந்தப் பாடத்தைக் கொல்கிறது. பிறகு எல்லா இடத்திலும் ஒற்றைத் தூவுவார்கள், அல்லது எங்குமே போட மாட்டார்கள்.

பிழை வாக்கியத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் பயிற்சியை இந்த ஐந்து வாரமும் தவிருங்கள். பழகாத கண்ணுக்குப் பிழையும் சரியும் ஒரே மாதிரிதான் பதியும். ஆறாவது வாரம் விளம்பரங்களைக் கொடுங்கள். அதில் விட்ட ஒற்றுகளைப் பிடிப்பது மகளுக்குத் திருவிழாவாக இருக்கும், உங்கள் வாட்ஸாப் செய்தியையும் விட மாட்டாள், தயாராக இருங்கள்.

பலவின்பாலுக்குப் பந்து. "மாடு" என்று எறிந்தால் "வந்தது", "மாடுகள்" என்றால் "வந்தன". பேச்சில் இரண்டுக்கும் வந்துச்சு என்பதால் காது இங்கே கைவிடும். பத்து எறிதலில் மூன்று மட்டும் பன்மையாக, எதிர்பாராத இடத்தில் வரட்டும். எல்லாமே பன்மையானால் கேட்காமலே 'ன' போட்டுவிடுவார்கள்.

ழகரத்துக்குக் கண்ணாடி போதும். ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள-வில் பின்னே வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ-வில் இன்னும் பின்னே வளையும், ஆனால் ஒட்டாது. கன்னடத்தில் ழ வழக்கொழிந்து போனதால் உங்கள் பிள்ளைகளின் தோழர்கள் வாயில் அது கேட்காது. நீங்களும் வீட்டுக்காரரும் சொல்வதுதான் அவர்களுக்கு மாதிரி.

நேரம்: வாரம் நான்கு நாள். மகளுக்குப் பதினெட்டு நிமிடம், மகனுக்குப் பத்து. ஒரு வாரம் ஒரே விஷயம்தான். சேர்ந்து ஆடும்போது அக்கா எப்போதும் ஜெயித்துத் தம்பி மூன்றாம் நாள் கழன்றுகொள்வான், இது ஏறக்குறைய நிச்சயம். ஆகவே இருவரையும் மோத விடாமல் ஒரே அணியாக்கிக் கடிகாரத்தோடு மோத விடுங்கள். சீட்டுகளை எழுதும் வேலையை மகளுக்குக் கொடுங்கள். விடை சொல்வதைவிடக் கேள்வி தயாரிப்பது கடினம், அவளுடைய எழுத்துப் பயிற்சியும் அதில் அடங்கிவிடும். சாக்லேட் பரிசு வேண்டாம்; சாக்லேட் தீர்ந்த நாள் இலக்கணமும் தீரும்.

கற்றார்களா என்று அன்றே சோதிக்காதீர்கள். மூன்று வாரம் கழித்து, ஆட்டத்தில் வராத புதுச் சொற்களால், கிளிப் இல்லாமல் கேளுங்கள். ஐந்துக்கு நான்கு வந்தால் அடுத்ததற்குப் போகலாம். இரண்டுதான் வந்தால் ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டாம், பத்தியில் அடிக்கோடிடும் வேலையை ஒரு வாரம் கூட்டுங்கள்.

தேர்வைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்பில் சேரக் குறைந்தது 14 வயது ஆக வேண்டும், உங்கள் மகளுக்கு நான்கு ஆண்டு இருக்கிறது. வரையறை, பெயர், நூற்பா எல்லாம் பன்னிரண்டு வயதுக்கு மேல் இரண்டு ஆண்டில் ஏறிவிடும், கையில் எடுத்துக்காட்டுகள் இருந்தால். அப்போது தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ஆறாம் வகுப்பிலிருந்து இலக்கணப் பகுதிகளை வரிசையாக எடுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் பகுதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கற்கண்டு'. மகள் சிரிப்பாள், சிரிக்கட்டும். கதைப் புத்தகங்களுக்கு அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்கு அருகில்தான். அடிக்கோடிட வேண்டியிருப்பதால் நூலகப் புத்தகத்தின் பக்கத்தைப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற திங்களுக்கு மாஸ்க்கிங் டேப் ஒரு சுருள் மட்டும் வாங்குங்கள். கிளிப்பை இரண்டாம் வாரம் எடுக்கலாம். முதல் நாள் வீட்டில் எல்லோருடைய பெயரையும் நடந்து பார்த்து, யார் எத்தனை மாத்திரை என்று சமையலறைக் கதவில் எழுதி ஒட்டட்டும். ஷ், ஜ் வரும் பெயர் இருந்தால் அவற்றையும் மற்ற மெய் போல அரையாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.